களைக்கொல்லி தீண்டிய நுரையீரல்

பாராகுவாட் நஞ்சிலிருந்து உயிர் தப்பியவரின் மார்புக்குள் அதன் வடு ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுகிறது. அந்த வடுவைப் படமெடுத்துப் பின்தொடர்வதும் சிகிச்சையே. சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டு ஊரில் நிலம் வைத்திருக்கும் ஒவ்வொரு தமிழ்க் குடும்பமும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது.

ஞாயிற்றுக்கிழமை மாலை லிட்டில் இந்தியாவில் காதில் விழும் பேச்சில் பாதி ஊர்ப் பேச்சு. கேம்பல் லேனிலும் ரேஸ் கோர்ஸ் சாலையிலும் கைப்பேசியோடு நிற்பவர்கள் புதுக்கோட்டைக்கும் பட்டுக்கோட்டைக்கும் சிவகங்கைக்கும் விருத்தாசலத்துக்கும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மழை பெய்ததா, விதைப்பு முடிந்ததா என்று தொடங்கும் பேச்சு சீக்கிரமே களைக்கு வந்துவிடும். "களை எடுக்க ஆள் கிடைக்கலப்பா" என்பார் அந்தப் பக்கத்திலிருந்து தகப்பனார். "அப்ப மருந்து அடிச்சிருங்கப்பா, காசு போட்டு விடுறேன்" என்பார் மகன்.

களை எடுத்த கைகளில் பல கடல் தாண்டி வந்துவிட்டன. இங்கே கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் சம்பாதிக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கு அங்கே களைக்கொல்லியாகிறது. யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. வயதான பெற்றோர் தனியாக ஒரு ஏக்கரைக் காப்பாற்ற வேண்டிய நிலையில் வேறு வழி எளிதில் கிடைப்பதில்லை. ஆனால் கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் டப்பாவில் பாராகுவாட் டைகுளோரைடு என்று எழுதியிருந்தால், அது என்ன செய்யக்கூடியது என்பது பணம் அனுப்புகிறவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த நஞ்சு உடலுக்குள் போய்விட்டால் முறிக்க மருந்து இல்லை. அதிக அளவில் உட்கொண்டவர்களில் பெரும்பாலோர் இறந்துபோகிறார்கள். அது ஓரளவு பலருக்கும் தெரியும். பிழைத்தவருக்கு என்ன ஆகிறது என்பதைத்தான் நாம் கேட்பதே இல்லை. "கண்டம் தாண்டிருச்சு" என்று சொல்லி வீட்டுக்கு அழைத்து வருகிறோம், மருத்துவமனைக் காகிதங்களைப் பரணில் போடுகிறோம், நடந்ததை ஊருக்குத் தெரியாமல் மறைக்கிறோம். அவருடைய நுரையீரலில் வேலை இன்னும் முடியவில்லை என்பது அப்போது யாருக்கும் தெரிவதில்லை.

நுரையீரலைத் தேடிப் போகும் நஞ்சு

பாராகுவாட்டின் களைக்கொல்லித் தன்மை 1955இல் இங்கிலாந்தில், ஐ.சி.ஐ. நிறுவனத்தின் ஜெலட்ஸ் ஹில் ஆய்வு நிலையத்தில் கண்டறியப்பட்டது. 1962இல் கிராமாக்ஸோன் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. தெளித்த சில மணி நேரத்தில் பச்சை இலை வாடிக் கருகும். மண்ணில் பட்டதும் களிமண் துகள்களோடு இறுக ஒட்டிக்கொண்டு வீரியம் இழக்கும். அடுத்த நாளே விதைக்கலாம் என்ற வசதி இதை நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குக் கொண்டுபோனது. ரப்பர் தோட்டம், தேயிலைத் தோட்டம், செம்பனைத் தோட்டம், பருத்திக் காடு, வயல் வரப்பு என்று அது போகாத இடமில்லை.

இலையில் செய்யும் அதே வேலையை இந்த நஞ்சு மனித உயிரணுவிலும் செய்கிறது. உயிரணுவிலிருந்து ஒரு எலெக்ட்ரானைப் பறித்து ஆக்சிஜனிடம் கொடுக்கும். அந்த ஆக்சிஜன், தொட்டதை எல்லாம் அரிக்கும் வகையாக மாறும். பாராகுவாட்டோ பழைய நிலைக்குத் திரும்பி மறுபடியும் அதே வேலையைத் தொடங்கும். ஒரே மூலக்கூறு திரும்பத் திரும்பத் தாக்குவதால் உயிரணு தன்னைக் காத்துக்கொள்ள வைத்திருக்கும் இருப்பு தீர்ந்துபோகிறது.

எல்லா உறுப்புகளையும்விட நுரையீரல் ஏன் அதிகம் அடிபடுகிறது? காற்றுப்பைகளைப் போர்த்தியிருக்கும் உயிரணுக்களில் பாலிஅமைன் எனப்படும் இயற்கையான பொருள்களை உள்ளே இழுப்பதற்கென்று ஒரு வாசல் உண்டு. பாராகுவாட்டின் உருவம் அந்தப் பொருள்களை ஒத்திருப்பதால் வாசல் ஏமாந்து திறந்துவிடுகிறது. இரத்தத்தில் நஞ்சின் அளவு குறைந்துகொண்டே வரும்போதும் நுரையீரலில் அது சேர்ந்துகொண்டே போகிறது. போதாக்குறைக்கு, உடலிலேயே ஆக்சிஜன் மிகுந்த இடமும் அதுதான்.

ஆகவே வேறு எந்த வார்டிலும் காணாத ஒரு காட்சி இங்கே நேரும். நோயாளி மூச்சு வாங்குகிறார், உறவினர்கள் ஆக்சிஜன் வைக்கச் சொல்லிக் கெஞ்சுகிறார்கள், மருத்துவர் தயங்குகிறார். வெளியிலிருந்து கூடுதலாகக் கொடுக்கும் ஆக்சிஜன் நஞ்சுக்கு எரிபொருளாகிவிடும். இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு மிகவும் இறங்கிய பிறகே, அதுவும் தேவையான அளவுக்கு மட்டுமே கொடுப்பார்கள். அந்த நேரத்தில் மருத்துவர் அக்கறையில்லாமல் நிற்கிறார் என்று நினைத்துச் சண்டைக்குப் போகும் குடும்பங்கள் உண்டு. காரணத்தை யாராவது முன்பே பொறுமையாகச் சொல்லியிருந்தால் அந்தச் சண்டை வந்திருக்காது.

முதல் இரண்டு நாள்கள் ஏமாற்றக்கூடியவை. வாயும் தொண்டையும் வெந்திருக்கும், வாந்தி இருக்கும். ஆனாலும் நோயாளி பேசுவார், எழுந்து நடப்பார். பிறகு சிறுநீரகம் பழுதாகும். மூச்சுத் திணறல் அதற்கும் பிறகு, சில நாள்கள் கழித்துத்தான் வரும். வீட்டார் "நல்லாத்தானே இருக்கார்" என்று நிம்மதி அடையும் இந்த இடைவெளியில் மருத்துவர்கள் ஒரு எளிய சோதனை செய்வார்கள். நோயாளியின் சிறுநீரில் சோடியம் டைதயோனைட் என்ற பொடியைக் காரத்தோடு கலப்பார்கள். நஞ்சு இருந்தால் சிறுநீர் நீல நிறமாகும். நீலம் எவ்வளவு கருக்கிறதோ அவ்வளவு ஆபத்து. பெரிய கருவி எதுவும் தேவைப்படாத இந்தச் சோதனையை வட்டார மருத்துவமனையிலும் செய்ய முடியும்.

சிடி ஸ்கேனில் தெரிவது

முதல் நாள் மார்பு எக்ஸ்ரே பெரும்பாலும் ஒன்றும் காட்டாது. அந்த எக்ஸ்ரேயைப் பார்த்து நுரையீரல் தப்பித்தது என்று முடிவுகட்டக் கூடாது.

சிடி ஸ்கேன் மார்பைக் குறுக்கே, ரொட்டியைத் துண்டு போடுவது போல, மெல்லிய அடுக்குகளாகப் படமெடுக்கிறது. நலமான நுரையீரலில் காற்று நிறைந்திருப்பதால் ஒவ்வொரு அடுக்கும் கறுப்பாக இருக்கும். கறுப்பின் ஊடே இரத்தக் குழாய்கள் வெண்ணிறக் கிளைகளாக ஓடும். பாராகுவாட் தாக்கிய நுரையீரலில் முதலில் தோன்றுவது ஒரு சாம்பல் மங்கல். சொரசொரப்பான கண்ணாடிக்குப் பின்னால் தெரிவது போல இரத்தக் குழாய்கள் மங்கித் தெரியும். காற்றுப்பைகளில் நீர் கசிந்து வீக்கம் கண்டிருக்கிறது என்பது அதன் பொருள். அடுத்த கட்டத்தில் மங்கல் முழு வெள்ளையாக இறுகும், இரத்தக் குழாய்கள் அதற்குள் மறைந்துபோகும். இதயத்தைச் சுற்றிக் காற்று கசிந்து ஒரு கறுப்பு விளிம்பு தெரிந்தால் நிலைமை மோசம்.

வாரங்கள் கடந்தும் நோயாளி உயிரோடிருந்தால் படம் மறுபடி மாறுகிறது. வெள்ளை சுருங்கி ஒழுங்கற்ற கோடுகளாகிறது. மூச்சுக்குழாய்களை வடுக்கள் இழுப்பதால் அவை கோணலாகி விரிந்து நிற்கும். நுரையீரலின் ஓரங்களில் சிறு சிறு அறைகள் அடுக்கினாற்போல் வெற்றிடங்கள் தோன்றும். கதிரியக்கப் பிரிவு மருத்துவர்கள் இதைத் தேன்கூட்டு வடிவம் என்பார்கள். காற்றுப்பை இருந்த இடத்தில் நார்த்திசு முளைத்துவிட்டது. அதில் வாயுப் பரிமாற்றம் நடக்காது.

இந்த வரிசையை உலகம் அறிந்துகொண்டதில் தென்கொரிய மருத்துவர்களுக்குப் பெரும் பங்குண்டு. கொரிய வேளாண்மையில் பாராகுவாட் மிகுதியாகப் புழங்கிய காலம் அது. 42 நோயாளிகளின் எக்ஸ்ரே, சிடி படங்களை ஆராய்ந்த அவர்களின் கட்டுரை 1991இல் அமெரிக்கக் கதிரியக்க இதழில் வந்தது. மெல்லடுக்கு சிடி ஸ்கேனில் தெரியும் மாற்றங்களைப் பற்றிய இன்னொரு கட்டுரை 1995இல் வெளியானது. ஒரே நோயாளியை ஒருமுறை படமெடுத்துவிட்டு நிறுத்தாமல் அடுத்தடுத்து எடுத்துப் பார்த்ததால்தான் எது கலையும் மங்கல், எது கலையாத வடு என்று பிரித்தறிய முடிந்தது.

பிழைத்த பிறகு

நம்பிக்கைக்கும் இடம் உண்டு. தைவானில் பாராகுவாட்டிலிருந்து தப்பியவர்களின் மூச்சுத் திறனைத் தொடர்ந்து அளந்த மருத்துவர்கள், அது மாதக்கணக்கில் மெல்ல மீண்டுவருவதைக் கண்டு 1995இல் எழுதினார்கள். ஜப்பானிலும் பிரான்சிலும் கொரியாவிலும் இப்படித் தப்பியவர்களைப் பின்தொடர்ந்திருக்கிறார்கள். மொத்தத்தில் தெரியவருவது இதுதான்: வீக்கத்தால் வந்த மங்கல் கலையலாம், கோடுகள் மெலியலாம், நடக்கும் தூரம் கூடலாம். தேன்கூடாகிவிட்ட பகுதி பழையபடி காற்றுப்பையாக மாறுவதில்லை. ஒருவருக்கு எந்தப் பகுதி மீளும், எது மீளாது என்பதை முதல் மாதத்துப் படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

எனவேதான் தொடர்ந்து பார்ப்பது அவசியமாகிறது. சிடி ஸ்கேன் வடிவத்தைக் காட்டும். ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி கொள்ளளவைச் சொல்லும். வாயுப் பரிமாற்றச் சோதனை, காற்றிலிருந்து இரத்தத்துக்கு எவ்வளவு போய்ச் சேருகிறது என்று அளக்கும். ஆறு நிமிட நடைச் சோதனையில், நடக்கும்போது விரல் நுனிக் கருவி காட்டும் ஆக்சிஜன் அளவு இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். நான்கையும் சேர்த்துத்தான் ஒரு நுரையீரலின் நிலையை மதிப்பிட முடியும். ஒரு சிடி ஸ்கேனில் உடலில் படும் கதிர்வீச்சு எக்ஸ்ரேயைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால் மாதந்தோறும் எடுக்க மாட்டார்கள். இடைவெளியை நோயாளியின் நிலையைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். நோயாளியின் பங்கு, பழைய படங்களைப் பத்திரமாக வைத்திருப்பது. ஒப்பிட முந்தைய படம் இல்லாவிட்டால் புதிய படம் பாதிதான் பயன்படும்.

பழுதான நுரையீரலை மாற்றிவிட முடியாதா என்ற கேள்வி பழையது. 1968இல் எடின்பரோவில், இந்தக் களைக்கொல்லியை உட்கொண்ட 15 வயதுச் சிறுவனுக்கு நுரையீரல் மாற்று அறுவை செய்தார்கள். பிரிட்டனில் அந்த அறுவை சிகிச்சை நடந்தது அதுவே முதல் முறை. இரண்டே வாரங்களில் அவன் இறந்துபோனான். உடலில் தங்கியிருந்த நஞ்சு புதிய நுரையீரலையும் விட்டுவைக்கவில்லை. நஞ்சு முழுக்க வெளியேறும்வரை காத்திருந்து பிறகு மாற்றுவது என்ற பாடத்தை மருத்துவம் அங்கிருந்துதான் கற்றது. அப்படிச் செய்து சிலர் இன்று வாழ்கிறார்கள். அந்தச் செலவும் அந்த மருத்துவமனையும் எத்தனை விவசாயக் குடும்பங்களுக்குக் கிட்டும்?

தோட்டத்துத் தமிழர்கள் சுமந்தது

பாராகுவாட் என்றதும் தற்கொலைதான் பேச்சுக்கு வரும். வாயில் வைக்காமலே அதோடு வாழ்ந்தவர்களும் உண்டு. ஜோகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம், மலேசியாவின் ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் முதுகில் தெளிப்பானைச் சுமந்தவர்களில் ஏராளமானோர் தமிழர்கள், அவர்களில் பலர் பெண்கள். மூடி சரியாகப் பொருந்தாத தெளிப்பான் முதுகில் ஒழுகும். நனைந்த துணி நாள் முழுக்கத் தோலோடு ஒட்டியிருக்கும். காற்று எதிர்த்து வீசினால் தெளித்த சாரல் முகத்தில் அடிக்கும். மூக்கில் இரத்தம் வடிவதும், நகம் நிறம் மாறிக் கழன்று விழுவதும், தோல் வெந்துபோவதும் இந்த வேலையில் அறியப்பட்ட பாதிப்புகள்.

இந்தத் தொழிலாளர்களின் உடல்நிலையை ஆராய்ந்த கட்டுரைகள் பிரிட்டனின் தொழில் மருத்துவ இதழில் 1969இலும் 1981இலும் வந்தன. இரண்டும் மலேசியத் தோட்டங்களைப் பற்றியவை. 1993இல் அதே இதழில் இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களைப் பற்றிய ஆய்வு வந்தது. நீண்ட காலம் தெளித்தவர்களின் மூச்சுத் திறனில் பெரிய குறை இல்லை என்பதே 1981, 1993 ஆய்வுகளின் முடிவு. 1981 ஆய்வில் தயாரிப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இடம்பெற்றிருந்தார்கள் என்பதையும் வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பின்னர் வந்த ஆய்வுகள் வேறொன்றைக் கண்டன. தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கேப் பகுதியில் பழத்தோட்டத் தொழிலாளர்கள் 126 பேரை ஆராய்ந்த கட்டுரை 1999இல் வெளியானது. கோஸ்டா ரிகாவில் வாழை, காபி, செம்பனைத் தொழிலாளர்கள் 338 பேரைப் பற்றிய ஆய்வு 2004இல் வந்தது. உட்கார்ந்து ஊதும் சோதனையில் இவர்களிடமும் குறை தெரியவில்லை. உடற்பயிற்சி கொடுத்து அளந்தபோது, பாராகுவாட்டோடு அதிகம் புழங்கியவர்களின் இரத்த ஆக்சிஜன் இறங்கியது. மலையிலும் மேட்டிலும் சுமை தூக்கிப் பிழைக்கும் தொழிலாளிக்கு, உட்கார்ந்திருக்கும்போது மூச்சு நன்றாக இருக்கிறது என்ற சான்றிதழால் என்ன பயன்?

மலேசியத் தோட்டப் பெண்களின் குரலை வெளியே கொண்டுவந்தவர் அந்நாட்டின் ஐரீன் பெர்னாண்டஸ். அவர் நிறுவிய தெனாகனித்தா அமைப்பும், பினாங்கிலிருந்து இயங்கும் பூச்சிக்கொல்லி எதிர்ப்புச் செயற்பாட்டு வலையமைப்பும் சேர்ந்து தோட்டப் பெண்களின் பாதிப்புகளை 2002இல் அறிக்கையாக வெளியிட்டன. அதே ஆண்டு மலேசிய அரசு பாராகுவாட்டைத் தடை செய்வதாக அறிவித்தது. 2006இல் அந்தத் தடை தளர்த்தப்பட்டது. முழுத் தடை நடப்புக்கு வந்தது 2020 ஜனவரி முதல் தேதி. ஐரீன் அதைப் பார்க்கவில்லை. 2014இலேயே அவர் காலமாகிவிட்டார். இடைப்பட்ட பதினெட்டு ஆண்டுகள் தெளித்தவர்களின் நுரையீரலை யார் பார்த்தார்கள்?

சிங்கப்பூருக்குத் தெரிந்த வழி

நுரையீரலை விடாமல் பின்தொடர்வது எப்படி என்பது சிங்கப்பூருக்கு நன்றாகத் தெரியும். இன்று நொவீனாவில் நிற்கும் டான் டோக் செங் மருத்துவமனை 1844இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1860களிலிருந்து 1909இல் மௌல்மீன் சாலைக்குப் போகும்வரை அது சிராங்கூன் சாலையும் பாலஸ்டியர் சாலையும் சந்திக்கும் இடத்தருகே, அதாவது லிட்டில் இந்தியாவின் வாசலிலேயே இருந்தது. பிற்காலத்தில் காசநோய்ச் சிகிச்சையின் மையமாக விளங்கியதும் அதுதான். 1947இல் தொடங்கிய சிங்கப்பூர் காசநோய் எதிர்ப்புச் சங்கம் எக்ஸ்ரே கருவியை வண்டியில் ஏற்றி மக்கள் இருக்கும் இடத்துக்கே கொண்டுபோனது. மாத்திரையை விழுங்கும்வரை அருகிலிருந்து பார்க்கும் முறையும், மறுபடி மறுபடி படமெடுத்து ஒப்பிடும் பழக்கமும் இந்த ஊரில் வேரூன்றியவை.

2003இல் சார்ஸ் வந்தபோது 238 பேர் பாதிக்கப்பட்டு 33 பேர் இறந்தார்கள். டான் டோக் செங் அதற்கென ஒதுக்கப்பட்ட மருத்துவமனை. தொற்று ஓய்ந்தபின் மருத்துவர்கள் கோப்பை மூடிவிடவில்லை. குணமானவர்களில் 94 பேரை ஓர் ஆண்டு கழித்து அழைத்து மூச்சுச் சோதனை செய்தார்கள். மூன்றில் ஒருவருக்கும் மேல் ஏதாவதொரு குறை எஞ்சியிருந்தது. குணமாகிவிட்டது என்று அனுப்பிய பின்னும் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்ததால்தான் அது தெரியவந்தது.

இதே அக்கறை களைக்கொல்லி தீண்டியவருக்கும் கிடைக்க வேண்டும். வேலை அனுமதியோடு வரும் ஒவ்வொரு ஊழியருக்கும் இங்கே மார்பு எக்ஸ்ரே எடுக்கிறார்கள். அது காசநோயைத் தேடும் படம். பழைய நஞ்சின் மெல்லிய வடு அதில் தெரியாமலே போகலாம். தெரிந்தாலும், நோயாளி வாய் திறக்காவிட்டால் அது எதனால் வந்தது என்று மருத்துவருக்குத் தெரியாது. சாம்பல் மங்கலும் நார்க்கோடுகளும் நிமோனியாவிலும் கோவிட்டிலும் வேறு பல நுரையீரல் நோய்களிலும் வரக்கூடியவை.

வாய் திறக்கத் தயங்குவதற்குக் காரணம் உண்டு. வேலை போய்விடுமோ, போலீஸ் வழக்கு வருமோ, தங்குவிடுதியில் நாலு பேருக்குத் தெரிந்துவிடுமோ என்ற அச்சம். அதில் ஒன்றையாவது இப்போது கைவிடலாம். சிங்கப்பூரில் தற்கொலை முயற்சி 2020 ஜனவரி 1 முதல் குற்றமல்ல. இந்தியாவிலும் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம், முயன்றவரைக் கடும் மன அழுத்தத்துக்கு ஆளானவராகவே கருதச் சொல்கிறது. 2022 ஏப்ரலில் நடப்புக்கு வந்த முதன்மைப் பராமரிப்புத் திட்டத்தின்கீழ் தங்குவிடுதி ஊழியர்களுக்கு மருத்துவரைப் பார்க்கும் வசதி உண்டு. "சில வருசத்துக்கு முன்னாடி ஊர்ல களை மருந்து உள்ள போயிருச்சு டாக்டர், இப்ப மாடி ஏறுனா மூச்சு வாங்குது" என்று அங்கே சொல்லும் ஒரு வாக்கியம் சரியான சோதனைக்கு வழி திறந்துவிடும்.

உயிர் காத்தது தடைச் சட்டம்

சிகிச்சையால் இந்த நஞ்சை வெல்லப் பல நாடுகள் முயன்றுவிட்டன. இரத்தத்தைக் கரிவடிப்பான் வழியே செலுத்திப் பார்த்தார்கள். நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகளை அதிக அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த மருந்துகள் உதவுகின்றனவா என்று இலங்கை மருத்துவமனைகளில் முறையாக நடத்திய ஆய்வின் முடிவு 2018இல் வெளியானது. உயிரிழப்பு குறையவில்லை.

அதே இலங்கையில் உயிர்களைக் காப்பாற்றியது வேறொன்று. 1995இல் அந்நாட்டின் தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 47 பேர், உலகிலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்று. கொடிய பூச்சிக்கொல்லிகளை அரசு ஒவ்வொன்றாகத் தடை செய்தது. பாராகுவாட், டைமெத்தோயேட், பென்தியான் மூன்றும் 2008க்கும் 2011க்கும் இடையில் படிப்படியாக விலக்கப்பட்டன. 1995க்கும் 2015க்கும் இடையில் தற்கொலை விகிதம் ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்தது. காப்பாற்றப்பட்ட உயிர்கள் 93,000 என்று மதிப்பிடுகிறார்கள். தென்கொரியா 2011-12இல் பாராகுவாட்டை நிறுத்தியதும் இரண்டே ஆண்டுகளில் பூச்சிக்கொல்லித் தற்கொலைகள் ஏறத்தாழ பாதியாயின. ஒரு கணத்து வேதனையில் கை நீட்டும் தூரத்தில் இந்த நஞ்சு இல்லாதிருந்தால், பலர் அந்தக் கணத்தைக் கடந்து வாழ்ந்துவிடுகிறார்கள்.

ஐரோப்பிய நீதிமன்றம் 2007இல் இதற்கான அனுமதியை ரத்து செய்தது. தாய்லாந்தும் தைவானும் 2020இல் நிறுத்தின. கேரளம் 2011இலேயே தடை விதித்தது. நாடுகள் ஒன்றுக்கொன்று முன்னறிவிப்புத் தரவேண்டிய அபாயப் பொருள்களின் ராட்டர்டாம் பட்டியலில் சேர்க்கும் முயற்சி மட்டும் 2013 முதல் சில நாடுகளின் எதிர்ப்பால் திரும்பத் திரும்பத் தள்ளிப்போனது. எதிர்த்தவற்றில் இந்தியாவும் ஒன்று. பக்கத்து மாநிலமும் பக்கத்து நாடும் செய்து காட்டியதை இந்தியா முழுவதற்கும் விரிவாக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கோரிக்கை.

நாம் செய்ய வேண்டியவை

சட்டம் வரும்வரை குடும்பங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பகுதிக் கிராமங்களில், சென்னை சிநேகா அமைப்பை நிறுவிய டாக்டர் லட்சுமி விஜயகுமார் குழுவினர் ஒரு முயற்சி செய்தார்கள். பூச்சிக்கொல்லிகளை வீட்டில் வைக்காமல் ஊர்ப் பொதுவிடத்தில் பூட்டுப் போட்ட பெட்டகங்களில் வைக்கச் சொன்னார்கள். விவசாயிகள் அதை ஏற்றுக்கொண்டு பயன்படுத்தினார்கள். ஊருக்குப் பணம் அனுப்புகிறவர் அதோடு இரண்டு சொல் சேர்த்துச் சொல்லலாம்: "பாராகுவாட் வேண்டாம்பா, வேற கேளுங்க. எந்த மருந்தா இருந்தாலும் வீட்டுக்குள்ள வைக்காதீங்க." பழைய குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைக்கும் வழக்கத்தை அடியோடு நிறுத்தச் சொல்லுங்கள். குழந்தைகள் அப்படித்தான் எடுத்துக் குடித்துவிடுகிறார்கள்.

தோலில் பட்டால் துணியைக் களைந்து சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் ஓடும் நீரில் நெடுநேரம் கழுவ வேண்டும். உட்கொண்டுவிட்டார் என்று சந்தேகம் வந்தாலே, அளவு சிறிதோ பெரிதோ, ஆள் தெளிவாக இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். வாந்தி எடுக்கவைக்க முயல வேண்டாம். டப்பாவையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். உண்மையைச் சொல்லுங்கள். முதல் சில மணி நேரத்தில் கொடுக்கும் கரித்தூள் அல்லது களிமண் கரைசல்தான் நஞ்சில் ஒரு பகுதியையாவது பிடித்து வைக்கக்கூடியது.

பிழைத்து வந்தவர் வீட்டில் இருந்தால், மருத்துவமனைச் சுருக்கத்தையும் படங்களையும் பரணிலிருந்து எடுங்கள். நுரையீரல் மருத்துவரிடம் காட்டி, மூச்சுச் சோதனையும் நடைச் சோதனையும் கேளுங்கள், தேவையானால் சிடி ஸ்கேன் எடுங்கள். புகைபிடிப்பதை விடுவதும் சளிக்காய்ச்சல், நிமோனியா தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்வதும் எஞ்சிய நுரையீரலைக் காக்கும். அவருடைய மனத்தையும் சேர்த்தே கவனிக்க வேண்டும். சிங்கப்பூரில் எஸ்.ஓ.எஸ். அமைப்பை 1767இலும், வெளிநாட்டு ஊழியர்களுக்கான ஹெல்த்சர்வ் உதவி எண்ணை 3129 5000இலும் எந்நேரமும் அழைக்கலாம். இந்தியாவில் டெலி மானஸ் 14416, சிநேகா 044-24640050. இலங்கையில் 1926.

மருத்துவமனைகளிடமும் அரசுகளிடமும் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. பாராகுவாட்டிலிருந்து பிழைத்து வீடு திரும்பும் ஒவ்வொருவர் கையிலும் அடுத்த வருகைக்கான தேதி இருக்க வேண்டும். அந்தத் தேதியில் அவர் வராவிட்டால் யாராவது அவரைத் தொலைபேசியில் கூப்பிட வேண்டும். சார்ஸ் நோயாளிகளுக்கு ஒரு நகரம் செய்ததை, களை எடுக்க ஆளில்லாமல் நஞ்சைக் கையில் எடுத்த விவசாயிக்கும், அடுத்தவர் நிலத்தில் அதைத் தெளித்துத் தேய்ந்த தோட்டப் பெண்ணுக்கும் செய்ய முடியும். அதற்கான கருவிகள் மாவட்டத் தலைநகரங்களில் இருக்கின்றன, மருத்துவ அறிவும் இருக்கிறது. இவர்களையும் நோயாளிகளாக எண்ணி ஒரு பதிவேட்டைத் திறப்பதுதான் பாக்கி.